யாரை விடுவது?

ஐகொளெக் கல்வெட்டைப் பற்றிப் பேசும் நாளில் காஞ்சிபுரத்து மாணவர்களின் முகம் சற்றுச் சுருங்கும். இரண்டாம் புலிகேசியின் படை எழுப்பிய புழுதியில் ஒளி மங்கிய பல்லவ வேந்தன் காஞ்சி மதிலுக்குப் பின்னே ஒடுங்கினான் என்று ரவிகீர்த்தி அதில் பாடியிருக்கிறார். காலம் கி.பி. 634. அந்தப் பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் என்பர் ஆய்வாளர். சோழர், கேரளர், பாண்டியர் மூவருக்கும் புலிகேசி ஆக்கம் தேடித் தந்தான் என்றும் கல்வெட்டு சொல்கிறது. வடக்கே ஒரு பெரும்பகை. தெற்கே அப்பகையால் ஊக்கம் பெற்ற மூவர்.

சென்ற ஆண்டு இதைச் சொல்லி முடித்தபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். நெசவாளர் வீட்டுப் பிள்ளை. கல்லூரிக் கூடைப்பந்து அணியில் ஆடுபவர். "நாலு பக்கமும் பெரிய ஆளுங்களா இருந்தா மதிலுக்குள்ள இருக்கறதைத் தவிர வேற என்ன ஐயா செய்ய முடியும்?" என்றார். அவர் மகேந்திரவர்மனுக்காகப் பரிந்து பேசவில்லை என்பது பிறகுதான் விளங்கிற்று. அடுத்த வாரம் அவர்கள் எதிர்கொள்ளவிருந்த அணியில் கூடைக்குள் பந்து போடுவதில் வல்லவர் இருவர் இருந்தனர். தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். அணிக்குத் துணையாகச் சென்று எல்லைக்கோட்டருகே பல ஆண்டுகள் அமர்ந்தவன் நான். பார்த்ததில் பிறந்த ஆவல் என்னைப் படிக்கவும் வைத்தது.

மாணவர் கேட்டதற்கு அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டிகளில் ஒரு தெளிவான வரலாறு உண்டு. 1980களின் இறுதியில் சிகாகோ புல்ஸ் அணியின் மைக்கேல் ஜோர்டானைத் தடுக்க டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணி, பயிற்சியாளர் சக் டேலியின் காலத்தில், ஒரு முறை வகுத்தது. அவரை எப்பக்கம் ஒதுக்குவது, எப்போது இருவர் சூழ்வது, கூடையருகே வந்தால் எவ்வளவு முரட்டுத்தனமாக மோதுவது என்பதெல்லாம் அதில் அடக்கம். 'ஜோர்டான் விதிகள்' என்றே அதற்குப் பெயர் வந்தது. 1988, 1989, 1990 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சிகாகோ தோற்றது. 1991இல் அதே டெட்ராய்ட் 0–4 என்று வீழ்ந்தது. அதற்குள் ஸ்காட்டி பிப்பென் இரண்டாவது வல்லவராக வளர்ந்திருந்தார். இருவர் சூழ்ந்தால் பந்தை உடனே கைமாற்றும் பழக்கமும் சிகாகோவுக்கு வந்திருந்தது.

கணக்கு எளிது. ஒருவரை இருவர் சூழ்ந்தால் எஞ்சிய நால்வருக்கு மூவர் காவல். அந்த நால்வரும் சுமாரானவர்கள் என்றால் சமாளிக்கலாம். வல்லவர் இருவரையும் இருவர் இருவராகச் சூழ்ந்தால், மூவருக்கு ஒரே ஒருவர்தான் மிஞ்சுவார். அது காவலே ஆகாது. மதில் காப்போர் நொச்சி சூடுவர் என்ற நம் புறப்பொருள் இலக்கணம், மதில் நின்ற இடத்திலேயே நிற்கும் என்று எண்ணியது. இங்கே மதில் என்பது ஐந்து ஆட்கள். அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

2004ஆம் ஆண்டு இறுதிச்சுற்றை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணியில் ஷகீல் ஓ'நீல், கோபி பிரயன்ட், கார்ல் மலோன், கேரி பேட்டன் என நான்கு பெரும்பெயர்கள். எதிரே மீண்டும் டெட்ராய்ட், அந்தப் பெயர்களுக்கு ஈடான ஒருவரும் இல்லாமல். பயிற்சியாளர் லாரி பிரௌன் எடுத்த முடிவு அன்று பலருக்கும் துணுக்குறச் செய்வதாக இருந்திருக்கும். எல்லாரும் இருவர் மூவராகச் சூழும் ஓ'நீலைப் பெரும்பாலும் ஒருவரிடமே விட்டார். பென் வாலஸ் முதலானோர் முதுகால் முட்டுக்கொடுத்து நின்றனர். ஓ'நீல் ஆட்டத்துக்குச் சராசரி 26.6 புள்ளிகள் எடுத்தார். அவர் எறிந்தவற்றில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் கூடையில் விழுந்தன. எடுக்கட்டும் என்பதுதான் திட்டம். அதனால் மற்ற நால்வரும் தத்தம் ஆளை விட்டு அகலவில்லை. நீண்ட கைகளையுடைய டேஷான் பிரின்ஸ் பிரயன்ட்டை நிழலாய்த் தொடர்ந்தார். பிரயன்ட்டின் எறிதல்களில் 38 விழுக்காடே தேறின. மூன்றாம் ஆட்டத்தில் லேக்கர்ஸ் எடுத்தவை வெறும் 68 புள்ளிகள். தொடர் 4–1. மலோன் முழங்காலில் அடிபட்டிருந்தார் என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் அது மட்டுமே காரணம் என்போரோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆளைவிட்டு இடத்தைக் காக்கும் 'ஜோன்' முறைக்கு என்.பி.ஏ.வில் இருந்த தடை 2001இல் நீங்கியது. 2011இல் லெப்ரான் ஜேம்ஸ், வேட், பாஷ் என்ற மூவரைக் கொண்ட மயாமியை டல்லாஸ் அணி இதனை இடையிடையே கலந்து திணறடித்து 4–2 என வென்றது. ஜேம்ஸின் சராசரி 17.8க்கு இறங்கியது.

எப்போதும் பலிக்குமா? 2019 இறுதிச்சுற்றின் இரண்டாம் ஆட்டத்தில் கோல்டன் ஸ்டேட் அணியின் டுராண்ட் காயத்தால் ஆடவில்லை. தாம்ப்சனும் பாதியில் வெளியேறினார். டொராண்டோ ஸ்டீபன் கரியிடம் ஒருவரை ஒட்டவைத்து, மற்ற நால்வரையும் கட்டமாக நிறுத்தியது. பள்ளிக்கூட அணிகள் ஆடும் உத்தி அது. எதிரணி நிமிடக்கணக்கில் புள்ளியின்றித் தவித்தது. ஆனால் கடைசி நொடிகளில், விட்டுவைக்கப்பட்ட இகுவடாலா தொலைவிலிருந்து எறிந்த பந்து விழுந்தது; டொராண்டோ 104–109 எனத் தோற்றது. தொடரை மட்டும் அதுவே வென்றது.

இவற்றை அம்மாணவரிடம் சொன்னபோது, ஒருவர் தம் ஆளை விட்டு உதவிக்குப் போனால் அவர் இடத்துக்கு யார் வருவது என்பதில்தான் குழம்பினார். கோர்வைத் தறியை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். உடலும் கரையும் வேறு நிறம், மூன்று நாடா, ஓரத்து நாடாவைத் தள்ளித்தர இன்னொருவர். "எங்கப்பா நெய்யும்போது நான்தான் ஐயா அந்த ஆளு" என்று சிரித்தார்.

மகேந்திரவர்மனின் மகன் முதலாம் நரசிம்மவர்மன் மதிலுக்குள் காத்திருக்கவில்லை. பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் புலிகேசியை எதிர்கொண்டு முறியடித்தான் என்கிறது கூரம் செப்பேடு. பிறகு 642இல் வாதாபி வீழ்ந்தது. மணிமங்கலமும் கூரமும் எங்கள் மாவட்டத்து ஊர்கள் என்பதில் மாணவர்களுக்குத் தனி மகிழ்ச்சி.

ஆட்டத்தன்று எங்கள் பிள்ளைகள் வல்லவர் இருவரையும் நெருக்கிப் பிடித்து, குள்ளமான மூன்றாமவரை விட்டுவைத்தார்கள். முற்பாதியில் அவர் எறிந்தது ஒன்றும் விழவில்லை. பிற்பாதியில் விழத் தொடங்கியது. நான்கு புள்ளிகளில் தோற்றோம். திரும்பும் பேருந்தில் அம்மாணவர் வெகுநேரம் பேசாமல் வந்தார். வாலாஜாபாத் தாண்டியதும், "விட்ட ஆளு சரிதான் ஐயா. அவன் இன்னிக்கு நல்லா போட்டுட்டான்" என்றார்.