மனுவின் மொழியும் மறுமொழியின் மொழியும்: பாலக்காடு, இடுக்கி எல்லைத் தமிழர்களின் அரசமைப்புப் பாதுகாப்பு

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கேரள மாநிலம் உருவாயிற்று. சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சார்ந்திருந்த பாலக்காடு, முன்னைய கொச்சி அரசுக்கு உட்பட்டிருந்த சித்தூர், திருவிதாங்கூரின் மலைவட்டங்களான தேவிகுளம், பீர்மேடு ஆகியன அதனுள் அடங்கின. மலைவட்டங்கள் இரண்டும் 1972இல் அமைந்த இடுக்கி மாவட்டத்தின் பகுதிகளாயின. இவ்வெல்லைப் பகுதிகளில் வாழும் தமிழ் மக்களுக்கு அரசமைப்புச் சட்டம் வழங்கும் மொழிப் பாதுகாப்பு எத்தகையது, அது எவ்விடத்தில் முழுமை பெறுகிறது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைச் சென்னை மாநிலத்துடன் இணைக்கவேண்டுமெனத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. பசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்புக் குழு 1955இல் அளித்த அறிக்கையில் இக்கோரிக்கையை ஏற்கவில்லை. எனினும், எல்லைகளை எவ்வாறு வகுப்பினும் மொழிச் சிறுபான்மையினர் எஞ்சுவர் என்பதை உணர்ந்த அக்குழு, அவர்களுக்குப் பாதுகாப்புகளையும் பரிந்துரைத்தது. அதன் விளைவாக ஏழாம் திருத்தத்தின் வழி 350அ, 350ஆ ஆகிய உறுப்புகள் சேர்க்கப்பட்டன. கேரளம் பிறந்த அந்நாளிலேயே இவையும் நடைமுறைக்கு வந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

அரசமைப்புச் சட்டத்தில் மொழிப் பாதுகாப்பு இரு வேறு இடங்களில் அமைந்துள்ளது. மூன்றாம் பகுதியிலுள்ள 29ஆம் உறுப்பு, தனித்த மொழியோ எழுத்தோ பண்பாடோ உடைய எப்பிரிவுக் குடிமக்களும் அதனைப் பேணிக்கொள்ள உரிமை அளிக்கிறது. 30ஆம் உறுப்பு சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையைத் தருகிறது. இவை அடிப்படை உரிமைகள் ஆதலின், மீறப்படும்போது 32ஆம் உறுப்பின்படி நேரே உச்ச நீதிமன்றத்தை அணுகலாம். மொழிச் சிறுபான்மையினர் யார் என்பதை மாநில அளவிலேயே கணிக்கவேண்டுமென 2002இல் டி.எம்.ஏ. பை அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே, வாளையாற்றுக்குக் கிழக்கே பெரும்பான்மையினராக இருக்கும் தமிழர், மேற்கே சிறுபான்மையினர் ஆகின்றனர்.

பதினேழாம் பகுதியிலுள்ள 350அ உறுப்பின் வினையமைப்பு வேறானது. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்வது மாநிலத்தின் முயற்சியாக இருத்தல் வேண்டும் என்றே அது கூறுகிறது. குழந்தைக்கு உரிமை உண்டு என அது கூறவில்லை. உரிமை என்னும் சொல்லுக்கு உடையவர் ஒருவர் உண்டு. முயற்சி என்னும் சொல்லுக்குச் செய்பவர் மட்டுமே உண்டு. குழந்தையின் தாய்மொழி எது என்பதைப் பெற்றோரோ காப்பாளரோ முடிவு செய்வர் என்றும், தாய்மொழி வழிக் கல்வியை அரசு கட்டாயமாக்க இவ்வுறுப்பு இடந்தரவில்லை என்றும் 2014இல் கர்நாடகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுறுத்தியது.

350ஆம் உறுப்பு குறை தீர்க்க வேண்டும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் அளிக்கலாம் என்கிறது. மறுமொழி எம்மொழியில் வரவேண்டும் என்பது பற்றி அது பேசவில்லை. இவ்விடைவெளியை நிரப்பியது 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமாகும். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துடனும் துறைத் தலைவர்களுடனும் தம் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து நடத்தலாம். மொழிச் சிறுபான்மைப் பகுதிகளென அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். மறுமொழியும் அம்மொழியிலேயே அமையவேண்டும் என அச்சட்டம் விதிக்கிறது. அரசமைப்புச் சட்டம் பேசும் உரிமையைத் தந்தது எனில், இச்சட்டம் விடைபெறும் உரிமையைத் தந்தது எனலாம்.

இவ்விடத்தில்தான் மொழிபெயர்ப்பாளரின் பணி தொடங்குகிறது. கேரள வருவாய்த்துறையில் நிலவுரிமைப் பதிவு மாற்றத்தைக் குறிக்கும் சொல் 'போக்குவரவு'. இதனை அப்படியே தமிழெழுத்தில் பெயர்த்தால் தமிழர் போய்வருதல் என்றே கொள்வர். அவருக்குப் பழகிய சொல் 'பட்டா மாறுதல்'. மலையாளத்தில் 'கரம்' என்பது வரி. இன்றைய தமிழ் வழக்கில் கை. ஒலியொப்புமை மிக்க இனமொழிகளிடையே பொருள் வேறுபாடு எளிதில் மறைந்துவிடுகிறது. எழுத்தை மட்டும் மாற்றிய மறுமொழி சட்டத்தின் சொல்லுக்கு இணங்கியதாகத் தோன்றலாம். ஆயினும் நிலம் தன் பெயருக்கு மாறிற்றா, எவ்வளவு வரி செலுத்தவேண்டும் என்பதை அறிய விழையும் குடிமகனுக்கு அதனால் பயனில்லை.

மறுபுறம், தமிழகச் சொல்லை மட்டும் பெய்தெழுதினாலும் இடர் உண்டு. அக்குடிமகன் நாளை கிராம அலுவலகத்தில் கேட்கவிருப்பது மலையாளச் சொல்லையே. எனவே தமிழ்ச் சொல்லை முதன்மையாகவும் கேரள வழக்கை அடைப்பினுள்ளும் தருவதே தக்க முறையாகத் தோன்றுகிறது. துறைதோறும் இத்தகைய இருமொழிச் சொற்பட்டியல் அமைப்பது மொழியியலாளர் ஆற்றவேண்டிய உடனடிப் பணியாகும்.

சுருங்கக் கூறின், எல்லைத் தமிழரின் மொழிப் பாதுகாப்பு அடிப்படை உரிமை, அரசின் முயற்சி, மாநிலச் சட்டம் என்னும் மூன்று படிநிலைகளில் அமைந்துள்ளது. முதலிரண்டும் நீதிமன்றங்களில் விளக்கம் பெற்றன. மூன்றாவது, அலுவலகத்திலிருந்து செல்லும் ஒவ்வொரு மடலிலும் பொருள் பெறுகிறது. அம்மடல் விளங்காதவழி, மனு அளிக்கும் உரிமையும் பாதியிலேயே நின்றுவிடும்.