யூனியாவுக்கு வராத ளகரம்

ரோமர் நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தைப் பிரசங்கத்துக்கு எடுப்பவர்கள் குறைவு. முழுக்க வாழ்த்துதல், பெயர்மேல் பெயர். வாசிப்பவருக்கு நாக்குப் புரளாது, கேட்பவருக்குப் பொறுமை இருக்காது. ஆனால் கிறிஸ்தவப் போதனை பெண்ணுக்கு என்ன இடம் கொடுத்தது என்று வரலாற்றில் தேடுகிறவர் முதலில் திறக்க வேண்டிய பக்கம் அதுதான் என்பது என் எண்ணம். கி.பி. 57ஐ ஒட்டிக் கொரிந்துவிலிருந்து பவுல் எழுதிய அந்தக் கடிதத்தின் கடைசிப் பகுதியில் பத்துப் பெண்கள் வருகிறார்கள்.

தமிழில் பழைய திருப்புதலை எடுத்துக்கொண்டு அந்தப் பெயர்களின் ஈற்றை மட்டும் பாருங்கள். பெபேயாள், பிரிஸ்கில்லாள், மரியாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள், ஜூலியாள். இருவருக்குப் பெயர் இல்லை. ஒருவர் இன்னாருடைய தாய், மற்றவர் இன்னாருடைய சகோதரி. மீதி ஒருவர். 7ஆம் வசனத்தில், அன்றோனீக்கு என்ற ஆணுக்குப் பக்கத்தில் நிற்பவர். அவர் பெயர் யூனியா. ‘யூனியாள்’ இல்லை.

இது அற்பமாகத் தோன்றலாம். 1871இல் ஹென்றி பவர் தலைமையில் முடிந்த திருப்புதலின் வழிவந்த தமிழ் வேதாகமத்தில் ஆகாரத்தில் முடியும் பெண்பெயர் ளகர ஒற்று வாங்குவது ஏறக்குறைய விதி. ஏவாள், ரெபெக்காள், லீதியாள், லோவிசாள். ளகரம் இல்லாமல் ஆகாரத்தில் நிற்பவர்கள் லூக்கா, பர்னபா, சீலா. அதே அதிகாரத்தின் 3ஆம் வசனத்தில் ஒரு தம்பதி வருகிறார்கள்: மனைவி பிரிஸ்கில்லாள், கணவர் ஆக்கில்லா. இந்த வரிசையில் பழகிய காது ‘யூனியா’வை எந்தப் பக்கத்தில் உட்காரவைக்கும்? மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டுமென்றே ஆணாக்கினார்கள் என்று நான் சொல்லவில்லை; ஓர் ஒற்றைக் கொண்டு அப்படி நிறுவவும் முடியாது. வாசிப்பில் அது என்ன செய்தது என்பதுதான் என் கேள்வி. அந்த வசனம் அவ்விருவரையும் அப்போஸ்தலர் நடுவில் பெயர்பெற்றவர்கள் என்கிறது. பத்துப் பெண்களில் அப்போஸ்தலர் என்ற சொல் அண்டியது இவர் ஒருவரை மட்டுமே. ளகரம் விடுபட்டதும் இவர் ஒருவருக்கு மட்டுமே.

கிரேக்கத்திலும் கதை ஒரு சிறு குறியில்தான் தொங்குகிறது. அங்கே பெயர் இரண்டாம் வேற்றுமையில் வருகிறது. ‘நி’யின் மேல் அழுத்தக்குறி விழுந்தால் ‘யூனியா’ என்ற பெண். அடுத்த அசையின் மேல் வளைகுறி விழுந்தால் ‘யூனியாஸ்’ என்ற ஆண். ஆதி ஏடுகள் பெரிய எழுத்தில், சொற்களுக்கு இடையே வெளிகூட விடாமல் எழுதப்பட்டவை. குறிகள் கிடையா. நம் ஓலைச்சுவடிகளில் புள்ளி இல்லாத மெய்யை வாசித்தவர்களுக்கு இந்தச் சிக்கலை விளக்க வேண்டியதில்லை. கி.பி. 200ஐ ஒட்டிய பாப்பிரஸ் 46 என்ற ஏடு அந்த இடத்தில் ‘யூலியா’ என்று எழுதியிருக்கிறது. எழுத்துப் பிழையாக இருக்கலாம். ஆனால் பிழை செய்தவர் மனதிலும் இருந்தது ஒரு பெண்ணின் பெயர்தான்.

ஏடு தீர்க்காததைக் கல்லும் காகிதமும் தீர்க்கும். ரோம் நகரத்துச் சான்றுகளை ஆராய்ந்த பீட்டர் லாம்பே, யூனியா என்ற பெண்பெயரை 250 இடங்களுக்கு மேல் எண்ணினார். யூனியுஸ் என்பது பெரிய குடும்பம். அந்த வீட்டு மகள்களுக்கும், விடுதலை பெற்ற அடிமைப் பெண்களுக்கும் அந்தப் பெயரே வரும். ‘யூனியாஸ்’ என்ற ஆண்பெயருக்கோ அக்காலத்துக் கல்வெட்டிலும் இலக்கியத்திலும் ஒரு சான்றும் இல்லை. ‘யூனியானுஸ்’ என்பதன் சுருக்கம் அது என்று பிற்காலத்தார் ஊகித்தார்கள். இருக்கிற பெயரைத் தள்ளிவிட்டு இல்லாத பெயரை உண்டாக்க வேண்டிய அவசியம் என்ன? பெண் அப்போஸ்தலராக இருக்க முடியாது, இவர் அப்போஸ்தலர், ஆகவே இவர் பெண் அல்ல. நிரூபிக்க வேண்டியதையே ஆதாரமாக எடுத்துக்கொண்ட வாதம் இது.

ஆதிச் சபைக்கு இந்தத் தடுமாற்றம் இருக்கவில்லை. 4ஆம் நூற்றாண்டின் பெரும் பிரசங்கியான யோவான் கிறிசோஸ்தொம் ரோமர் நிருபத்தை விளக்கும்போது, அப்போஸ்தலர் என்ற பெயருக்கே தகுதியானவள் என்றால் அவள் ஞானம் எவ்வளவு பெரியது என்று வியக்கிறார். இந்தச் சான்றுக்கு எடை அதிகம். காரணம், கிறிசோஸ்தொம் பெண்களுக்காக வழக்காடியவர் அல்லர். குருத்துவம் அவர்களுக்கு உரியதல்ல என்று எழுதியவர். தன் கொள்கைக்கு இடைஞ்சலான செய்தியையும் கிரேக்கம் தாய்மொழியாக உள்ளவர் உள்ளபடி வாசித்திருக்கிறார். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் இன்றும் மே 17 அன்று அன்றோனீக்கையும் யூனியாவையும் சேர்த்தே நினைவுகூர்கின்றன. எபிபானியு பெயரில் வழங்கும் ஒரு பட்டியல் மட்டும் யூனியாஸ் என்ற ஆண் ஆயரைப் பேசுகிறது. அதே பட்டியல் பிரிஸ்கில்லாளையும் ஆணாக்கி ஆயராக்கியிருக்கிறது என்பதால் அதை யாரும் கனமாக எடுத்துக்கொள்வதில்லை.

மேற்கில் ஆண்பால் விளக்கத்தை வெளிப்படையாக முன்வைத்தவர்களில் முதல்வர் என்று சுட்டப்படுபவர் 1316இல் மறைந்த ரோமின் ஜைல்ஸ். லூத்தர் தம் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் பெயருக்கு முன் ஆண்பால் சுட்டைப் போட்டார். அவருடைய வேதம் போன இடமெல்லாம் யூனியா ஆணாகப் போனார். இதே காலத்தில் அச்சான கிரேக்க மூலங்களோ, எராஸ்மஸ் 1516இல் வெளியிட்டது தொடங்கி, ஒன்றிரண்டு விலக்கோடு பெண்பால் குறியையே இட்டுவந்தன. 1611இன் ஆங்கில வேதமும் ‘யூனியா’ என்றே வைத்துக்கொண்டது.

1927இல் எர்வின் நெஸ்லே தாம் பதிப்பித்த கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் 13ஆம் பதிப்பில் குறியை மாற்றினார். யூனியா யூனியாஸ் ஆனார். புதிய ஏடு எதுவும் கிடைத்ததால் நேர்ந்த மாற்றம் அல்ல இது. உலகமெங்கும் இறையியல் மாணவர்கள் கையில் வைத்துப் படிக்கும் பதிப்பு என்பதால், அதிலிருந்து கிளைத்த மொழிபெயர்ப்புகள் பின்னே நடந்தன. 1946இன் திருத்திய ஆங்கிலப் பதிப்பு ஒரு படி மேலே போய், கிரேக்கத்தில் இல்லாத ‘ஆண்கள்’ என்ற சொல்லையும் சேர்த்துவிட்டது.

ஆய்வாளர் பெர்னடெட் புரூட்டன் 1977இல் எழுதிய சிறு கட்டுரை இந்த மாற்றத்தின் தடத்தைப் பிடித்தது. 1989இல் புதிய திருத்திய ஆங்கிலப் பதிப்பு யூனியாவைத் திருப்பிக் கொண்டுவந்தது. நெஸ்லேயின் கிரேக்கப் பதிப்பின் வழிவந்த நெஸ்லே-ஆலந்து 27ஆம் பதிப்பின் 1998ஆம் ஆண்டு மறு அச்சில் பெண்பால் குறி மீண்டது. ஆண்பால் வாசிப்பு அடிக்குறிப்பில்கூட இல்லாமல் மறைந்தது. ஒரு பெண்ணை ஆணாக்கியபோது இருந்த அதே மௌனம் திரும்பப் பெண்ணாக்கியபோதும் இருந்தது. எல்டன் எப் 2005இல் ஒரு முழு நூலே எழுதி இந்த வரலாற்றை ஒழுங்குபடுத்தினார்.

பெண் என்பது உறுதியானதும் விவாதம் இடம் மாறியது. 2001இல் பியூரர், வாலஸ் என்ற இரு ஆய்வாளர்கள், ‘அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர்’ என்பதை ‘அப்போஸ்தலருக்கு நன்கு தெரிந்தவர்’ என்றே கொள்ள வேண்டும் என்று கிரேக்க மேற்கோள்களோடு வாதிட்டார்கள். இலக்கண அளவில் அது தள்ளிவிடக்கூடிய வாதம் அல்ல. ஆனால் அவர்கள் காட்டிய உதாரணங்களே அவ்வளவு தெளிவானவை அல்ல என்று எப்பும் ரிச்சர்ட் பாக்கமும் மறுத்தார்கள். எனக்குக் கண்ணில் படுவது காலவரிசை. யூனியாஸ் ஆணாக இருந்தவரை அவரை அப்போஸ்தலர் கூட்டத்திலிருந்து வெளியே நிறுத்த யாரும் இவ்வளவு சிரமப்படவில்லை.

தமிழுக்குத் திரும்புவோம். அந்த வசனத்தில் தமிழுக்கு ஓர் அதிர்ஷ்டமும் இருக்கிறது. பலர்பாலில் ஆண் பெண் வேறுபாடு இல்லை. ‘பெயர்பெற்றவர்கள்’ என்ற சொல்லுக்குள் யாரும் இருக்கலாம். ஆங்கிலத்தில் நடந்ததுபோல் ‘ஆண்கள்’ நுழைய வாசலே இல்லை. ஒருமையில்தான் வம்பு. பெபேயாளைப் பவுல் ‘தியாகோனோஸ்’ என்கிறார். அதே வடிவம் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. தமிழ் அதை ‘ஊழியக்காரி’ என்று பிளக்க வேண்டியிருந்தது. இதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். கொலோசெயரில் எப்பாப்பிராவுக்கு அதே கிரேக்கச் சொல் வரும்போது ‘ஊழியக்காரன்’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள்; சொல் ஒன்று, விகுதி மட்டும் வேறு. 1611இன் ஆங்கிலத்தில் எப்பாப்பிரா ‘மினிஸ்டர்’, பெபேயாள் ‘செர்வென்ட்’. ஆனால் பிலிப்பியரின் தொடக்கத்தில் அச்சொல் சபைப் பதவியாக நிற்கும்போது தமிழ் ‘உதவிக்காரர்’ என்று வேறு சொல்லுக்குத் தாவிவிடுகிறது. பெபேயாளுக்கும் அந்தப் பதவிக்கும் உறவு உண்டு என்பது தமிழ் மட்டும் வாசிப்பவருக்குத் தெரியாமலே போகிறது.

அந்த உறவு வெறும் சொல் ஒற்றுமை அல்ல. 112ஐ ஒட்டிப் பித்தினியாவின் ஆளுநர் பிளினி, தான் சித்திரவதை செய்து விசாரித்த இரண்டு அடிமைப் பெண்களைப் பற்றிப் பேரரசர் திராயானுக்கு எழுதினார். கிறிஸ்தவர்கள் அவர்களைத் தியாகோனோஸுக்கு இணையான பணிப்பெண் பட்டத்தால் அழைத்தார்கள் என்கிறார். சபையைப் பற்றித் தெரிந்துகொள்ள அவர் பிடித்தது அவ்விருவரைத்தான். 451இல் கல்கெதோன் பொதுச்சங்கம் 40 வயதுக்குள் எந்தப் பெண்ணையும் தியாகோனியாக ஏற்படுத்தக் கூடாது என்று விதித்தது. இல்லாத பதவிக்கு யாரும் வயது வரம்பு போடுவதில்லை.

கத்தோலிக்கர் இன்று அதே பதவிக்கு வழங்கும் ‘திருத்தொண்டர்’ என்ற சொல்லுக்குப் பால் இல்லை. அந்தப் பதவி பெண்ணுக்கு இல்லை என்பது வேறு. தென்னிந்தியத் திருச்சபையின் ‘பேராயர்’ என்ற சொல்லுக்கும் பால் இல்லை. 2013இல் ஆந்திரத்தின் நந்தியால் திருமண்டலத்தில் புஷ்பலலிதா முதல் பெண் பேராயராக அபிஷேகம் பெற்றபோது அந்தச் சொல்லைத் தைத்துப் பெரிதாக்க வேண்டியிருக்கவில்லை. ஊர்ச் சபையின் வழக்கு அவ்வளவு தாராளமாக இல்லை. அங்கே ‘பாஸ்டரம்மா’ என்றால் பாஸ்டரின் மனைவி. தெற்கே ‘ஐயரம்மா’ என்றாலும் அப்படியே. பட்டம் பெற்று அங்கி அணிந்து நற்கருணை பரிமாறும் பெண்ணையும் சபையார் மரியாதையோடு பாஸ்டரம்மா என்றே கூப்பிடுகிறார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே வெளியூர்க்காரர் கேட்கிறார்: “அம்மா, பாஸ்டர் ஐயா உள்ளே இருக்காங்களா?”