ஏர்கோன் முதல் இ.டி.எஸ். ரயில் வரை: மோட்டாரின் வேகத்தை ‘இன்வெர்ட்டர்’ எப்படிக் கட்டுப்படுத்துகிறது?

“இது இன்வெர்ட்டர் மாடல். விலை கொஞ்சம் கூட, ஆனா கரண்டு பில் குறையும்.” ஏர்கோன் வாங்கக் கடைக்குப் போனவர்கள் இதைக் கேட்டிருப்பீர்கள். ஏன் குறையும் என்று திருப்பிக் கேட்டால், “டெக்னாலஜி அப்படி” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

நீங்கள் சுங்கை பாக்காப்பிலோ சுற்று வட்டாரத்திலோ வசிப்பவர் என்றால், இதற்குப் பதில் தெரிந்து வைத்திருக்க ஏர்கோன் மட்டும் காரணமல்ல. சிம்பாங் அம்பாட்டிலும் நிபோங் திபாலிலும் நிற்கும் கொமுட்டர் ரயில், அதே தண்டவாளத்தில் விரையும் இ.டி.எஸ்., அடுக்குமாடியின் லிஃப்ட், சாலையில் இப்போது அடிக்கடி கண்ணில் படும் மின்சாரக் கார் எல்லாமே இதே உத்தியில்தான் ஓடுகின்றன. அந்த உத்திக்குத் தேவையான சில்லுகள், பினாங்கு எல்லையைத் தாண்டியதும் வரும் கூலிமில் தயாராகின்றன.

இன்வெர்ட்டர் என்றால் சோலார் பெட்டியா?

அதுவும் இன்வெர்ட்டர்தான். நேர் மின்சாரத்தை (டி.சி.) மாறுதிசை மின்சாரமாக (ஏ.சி.) மாற்றும் எந்தக் கருவிக்கும் இந்தப் பெயர் பொருந்தும். கூரையில் சோலார் பலகை வைத்தவர்கள் வீட்டில் இருப்பது ஒரு வகை. இந்தியாவில் கரண்டு போனால் மின்விசிறியை ஓட்டும் பேட்டரிப் பெட்டி இன்னொரு வகை.

நாம் பேசப்போவது மூன்றாவது வகை: மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இன்வெர்ட்டர். தொழிற்சாலைகளில் இதை ‘வி.எஃப்.டி.’ என்பார்கள், அல்லது சுருக்கமாக ‘டிரைவ்’ என்பார்கள்.

மோட்டாருக்கு எதற்கு இன்னொரு பெட்டி?

தொழிற்சாலைகளில் அதிகம் பயன்படுவது இண்டக்‌ஷன் மோட்டார். நிக்கோலா டெஸ்லா இதற்கான காப்புரிமைகளைப் பெற்றது 1888 இல். விலை மலிவு, உறுதியானது, தேய்ந்துபோகும் பாகங்கள் குறைவு. ஒரே ஒரு பிடிவாதம் என்னன்னா, அதன் வேகத்தை நிர்ணயிப்பது மின்சாரத்தின் அலைவெண்.

மலேசியாவில் நமக்கு வரும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதாவது நொடிக்கு 50 முறை அலை எழுந்து விழுகிறது. நான்கு துருவ மோட்டாரின் உள்ளே சுழலும் காந்தப்புலம், இந்த அலைவெண்ணில் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றும். மோட்டாரின் அச்சு அதைத் துரத்திக்கொண்டு சற்றுப் பின்தங்கி, 1,450 சுற்று அளவில் ஓடும். சுவிட்சைப் போட்டால் முழு வேகம், அணைத்தால் நின்றுவிடும். நடுவில் எதுவும் கிடையாது.

“அப்படின்னா வோல்ட்டேஜைக் குறைச்சா போதாதா?” சீலிங் ஃபேன் ரெகுலேட்டரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தச் சந்தேகம் வரும். சிறிய மின்விசிறிக்கு அது ஓரளவு ஒத்துவரும். பெரிய மோட்டாரில் வோல்ட்டேஜை மட்டும் குறைத்தால் அதன் இழுவிசை சரியும். பளு அதே அளவில் இருந்தால் மோட்டார் தடுமாறி, சூடேறி, கடைசியில் எரிந்தும் போகலாம். வேகத்தை முறையாக மாற்ற வேண்டுமானால் அலைவெண்ணையே மாற்ற வேண்டும். அந்த வேலையைத்தான் இன்வெர்ட்டர் செய்கிறது.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

மூன்று கட்டங்களாகப் புரிந்துகொள்ளலாம்.

1. நேராக்குதல்: உள்ளே வரும் ஏ.சி. முதலில் டி.சி. ஆகிறது. வீட்டின் 230 வோல்ட் இங்கே ஏறத்தாழ 325 வோல்ட் டி.சி. ஆகும். தொழிற்சாலையின் 400 வோல்ட் மும்முனை மின்சாரம் 540 வோல்ட்டைத் தாண்டும்.

2. சேமித்தல்: அந்த டி.சி. ஏற்ற இறக்கமில்லாமல் இருக்க, கெப்பாசிட்டர்கள் அதைத் தாங்கிப் பிடிக்கின்றன.

3. வெட்டித் தைத்தல்: முக்கியமான வேலை இதுதான். ஆறு மின்னணு சுவிட்சுகள், இணை இணையாக, நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடுகின்றன. சில துடிப்புகள் அகலமாகவும் சில ஒல்லியாகவும் வெளியே போகும். மோட்டாரின் சுருள் அந்தத் துடிப்புகளைச் சமன்செய்து, ஒரு மென்மையான அலையாகவே உணர்கிறது. அந்த அலை 50 ஹெர்ட்ஸாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 10 வேண்டுமா, 37 வேண்டுமா, 60 வேண்டுமா, நீங்கள் சொல்வதுதான்.

இதில் ஒரு விதி உண்டு. அலைவெண்ணைக் குறைத்தால் வோல்ட்டேஜையும் அதே விகிதத்தில் குறைக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸுக்கு 400 வோல்ட் என்றால், 25 ஹெர்ட்ஸுக்கு 200 வோல்ட். இல்லையென்றால் மோட்டாரின் இரும்பு உள்ளகம் காந்தத்தில் திணறி, தேவைக்கு மேல் மின்னோட்டத்தை இழுக்கும். சாதாரண டிரைவ்கள் இந்த விகிதத்தைத் தாமே பார்த்துக்கொள்கின்றன. லிஃப்ட், ரயில் போன்றவற்றில் இருப்பவை இன்னும் ஒரு படி மேலே போய், மோட்டாரின் இழுவிசையையே கணத்துக்குக் கணம் கணக்கிட்டுச் செயல்படும்.

சரி, பில் எப்படிக் குறைகிறது?

வேகம் மாறாத மோட்டாரில் ஓடும் ஒரு பெரிய காற்றாடியை நினைத்துக்கொள்ளுங்கள். காற்று அதிகமாக இருந்தால் வழியில் ஒரு தடுப்பை வைத்துக் குறைப்பார்கள். மோட்டார் முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தபடியே பிரேக் போட்டுக் காரை ஓட்டுவது மாதிரி.

இன்வெர்ட்டர் இருந்தால் தடுப்பு தேவையில்லை, காற்றாடியையே மெதுவாக்கிவிடலாம். இங்கே இயற்பியல் நம் பக்கம் நிற்கிறது. காற்றாடிக்குத் தேவையான மின்திறன், வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். வேகத்தை 80 விழுக்காடாகக் குறைத்தால் மின்திறன் ஏறத்தாழ 51 விழுக்காடாக இறங்கும். வேகம் பாதியானால் எட்டில் ஒரு பங்கு போதும். தண்ணீரை உயரத்துக்கு ஏற்றும் பம்பில் இவ்வளவு லாபம் வராது. உயரத்தைத் தாண்ட ஒரு குறைந்தபட்ச அழுத்தம் எப்போதும் வேண்டும் அல்லவா?

தண்ணீர் என்றதும் இந்த வட்டாரத்தில் ஒரு பேச்சு கட்டாயம் எழும். 2024 ஜூலை 6 அன்று நடந்த சுங்கை பாக்காப் இடைத்தேர்தலில் குடிநீர் விநியோகம் பெரிய விவாதமாக இருந்தது. குழாயில் அழுத்தம் குறையும்போது பம்பை வேகப்படுத்தவும், நள்ளிரவில் தேவை குறையும்போது மெதுவாக்கவும் இன்வெர்ட்டரால் முடியும். ஆனால் ஆலையின் கொள்ளளவோ பிரதானக் குழாயோ போதாத இடத்தில், அது தண்ணீரை உண்டாக்கித் தராது.

ஏர்கோனிலும் கதை இதுதான். பழைய வகை, அறை குளிர்ந்ததும் நின்று, சூடேறியதும் மறுபடி முழு வேகத்தில் எழும். இன்வெர்ட்டர் வகை, அறை குளிர்ந்த பிறகு கம்ப்ரஸரை மெதுவாக ஓட்டிக்கொண்டே இருக்கும். தோஷிபா நிறுவனம் 1980, 1981 ஆம் ஆண்டுகளில் இதை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

எப்போது மிச்சமாகாது?

கடைக்காரர் சொல்லாமல் விடுவது இதைத்தான். நாள் முழுவதும் ஒரே முழு வேகத்தில் ஓட வேண்டிய மோட்டாருக்கு இன்வெர்ட்டர் பொருத்தினால் மிச்சம் இல்லை. பெட்டிக்குள்ளேயே சில விழுக்காடு வெப்பமாகப் போவதால் செலவு சற்றுக் கூடவும் செய்யும்.

பெரிய அறைக்குச் சின்ன ஏர்கோன் மாட்டினாலோ, கதவைத் திறந்து வைத்தாலோ இதே நிலைதான். கம்ப்ரஸர் மெதுவாக ஓட வாய்ப்பே கிடைக்காது. ஆகவே ‘இன்வெர்ட்டர்’ என்ற ஸ்டிக்கரை மட்டும் பார்க்காதீர்கள். எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர லேபிளில் உள்ள மின்பயன்பாட்டு அளவையும், அறையின் அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

தலைக்கு மேல் 25,000 வோல்ட்

ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரையிலான 329 கிலோமீட்டர் இரட்டைத் தண்டவாளம் மின்மயமான பிறகு, 2015 இல் இ.டி.எஸ். ரயில்கள் வடக்கே ஓடத் தொடங்கின. மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட். ரயிலுக்குள் அது குறைக்கப்பட்டு, டி.சி. ஆக்கப்பட்டு, இன்வெர்ட்டர் வழியாக மோட்டாருக்குப் போகிறது.

அடுத்த முறை ரயில் கிளம்பும்போது காது கொடுத்துக் கேளுங்கள். மெல்லிய ஓர் இரைச்சல் படிப்படியாகச் சுருதி ஏறும். அலைவெண் உயர்வதைத்தான் நீங்கள் காதால் கேட்கிறீர்கள்.

பிரேக் போடும்போது இன்னொரு வசதி. மோட்டார் ஜெனரேட்டராக மாறி, ரயிலின் வேகத்தை மின்சாரமாக்கித் திருப்பித் தர முடியும். மின்சாரக் கார் இறக்கத்தில் போகும்போது பேட்டரி அளவு ஏறுவதும் இப்படித்தான்.

சென்னையில் பிறந்தவரின் சுவிட்ச், கூலிமில் அடுத்த தலைமுறை

நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச் சாதாரண விஷயமில்லை. 1980களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில், மோட்டார் டிரைவ்களுக்கு ஏற்ற ஐ.ஜி.பி.டி. என்ற சுவிட்சை உருவாக்கியவர் பி. ஜெயந்த் பாலிகா. சென்னையில் பிறந்தவர், 1969 இல் ஐ.ஐ.டி. மெட்ராஸில் பட்டம் பெற்றவர். இந்தக் கண்டுபிடிப்புக்காக 2024 இல் அவருக்குப் பின்லாந்தின் மில்லெனியம் தொழில்நுட்பப் பரிசு கிடைத்தது. பரிசுத் தொகை 10 லட்சம் யூரோ.

சிலிக்கானைவிட சிலிக்கான் கார்பைடு இந்த வேலைக்கு மேலானது என்பதையும் அவர் 1980களிலேயே கணக்கிட்டுக் காட்டினார். இந்தப் பொருள் சிலிக்கானைவிட ஏறத்தாழ பத்து மடங்கு வலுவான மின்புலத்தைத் தாங்கும். அதனால் சுவிட்சை மெல்லியதாகச் செய்யலாம். சூடாகி வீணாகும் மின்சாரம் குறையும், மின்சாரக் கார் கூடுதல் தூரம் போகும்.

அந்தச் சில்லுகளுக்குத்தான் ஜெர்மனியின் இன்ஃபினியான் நிறுவனம் கூலிமில் புதிய ஆலை அமைத்தது. அதன் முதல் கட்டத்தைப் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் 2024 ஆகஸ்ட் 8 அன்று திறந்துவைத்தார். முதல் கட்ட முதலீடு 200 கோடி யூரோ. 900 வேலை வாய்ப்புகள் என்று நிறுவனம் அறிவித்தது. இரண்டாம் கட்டத்துக்கு 500 கோடி யூரோ வரை முதலீடு, மொத்தம் 4,000 வேலைகள் வரை என்பது திட்டம். 200 மில்லிமீட்டர் சிலிக்கான் கார்பைடு தட்டுகளைக் கையாளும் ஆலைகளில் உலகிலேயே பெரியதாக இதை ஆக்குவது நிறுவனத்தின் இலக்கு.

கை வைக்கும் முன்

யூடியூப் பார்த்து டிரைவ் பொருத்தும் ஆசை வந்தால், இந்த மூன்றையும் மனதில் வையுங்கள்.

* கரண்டை அணைத்ததும் பெட்டி பாதுகாப்பாகிவிடாது. கெப்பாசிட்டர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் மிச்சம் இருக்கும். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று பெட்டியின் மேலேயே எழுதியிருக்கும். காத்திருந்த பிறகும் மீட்டர் வைத்துச் சோதித்துவிட்டுத்தான் தொட வேண்டும்.
* எல்லா மோட்டாருக்கும் இது ஒத்துவராது. வீட்டுப் பம்புகளில் உள்ள கெப்பாசிட்டர் வகை ஒருமுனை மோட்டாரைச் சாதாரண டிரைவில் இணைத்தால் பழுதாகலாம்.
* மெதுவாக ஓடினால் சூடு குறையும் என்பது தவறு. மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறி அதே அச்சில்தான் இருக்கிறது. மோட்டார் மெதுவானால் விசிறியும் மெதுவாகும். பளு குறையாவிட்டால் மோட்டார் சூடேறும்.

தீபகற்ப மலேசியாவில் மின்கம்பி வேலையை எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று பெற்றவர்கள்தான் செய்ய வேண்டும். அது உங்கள் உயிருக்கான காப்பும்கூட.

இதனால் உங்களுக்கு என்ன?

உலகில் பயன்படும் மின்சாரத்தில் ஏறத்தாழ பாதி, மோட்டார்களைச் சுற்றத்தான் போகிறது. மலேசியாவில் எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் 2025 ஜனவரி 1 அன்று நடப்புக்கு வந்துவிட்டது. அதிக மின்சாரம் பயன்படுத்தும் நிறுவனங்கள் பதிவுபெற்ற எரிசக்தி மேலாளரை நியமித்தாக வேண்டும். எந்த மோட்டாரை மெதுவாக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்லத் தெரிந்தவருக்கு இனி வேலை இருக்கிறது.

எஸ்.பி.எம். முடித்துவிட்டு ‘திவெட்’ தொழிற்பயிற்சிக்குப் போகலாமா என்று வீட்டில் பேச்சு நடந்தால், சில்லு ஆலை என்றாலே பொறியியல் பட்டதாரிகளுக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். செபராங் பிறையில் உள்ள தொழிற்சாலைகளில் ஒரு கன்வேயர் நின்றுபோனால், முதலில் தேடப்படுவது டிரைவின் திரையில் வரும் பிழைக் குறியீட்டைப் படித்து, கோளாறு மோட்டாரிலா, கேபிளிலா, பெட்டியிலா என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த டெக்னீஷியனைத்தான்.

அடுத்த முறை கடையில் “இன்வெர்ட்டர், பில் குறையும்” என்று சொன்னால், நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “என் அறையில இது மெதுவா ஓட வாய்ப்பு இருக்கா?”