787 பில்லியன் டாலர் பஞ்சாயத்து

டிஸ்கி: நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. பொட்டி தட்டுபவன். ஆனாலும் இந்தக் கதை ஒரு வகையில் என் கதையும்கூட என்பதால் எழுதுகிறேன்.

2009 பிப்ரவரியில் புனே ஹிஞ்சவடியில் எங்கள் தளத்தில் பாதிப்பேர் பெஞ்சில் இருந்தோம். கேன்டீனில் கிரிக்கெட் பேச்சே நின்றுபோய், அமெரிக்க செனட்டில் எத்தனை ஓட்டு என்பதுதான் பேச்சு. கோவில்பட்டியிலிருந்து அப்பா ஃபோனில் கேட்டார், "ஏன் தம்பி, அவங்க ஊர்ல ஓட்டுப் போட்டா உனக்கு என்ன?" எங்கள் கிளையண்ட் ஓர் அமெரிக்க வங்கி. என்னை நேரடியாகவே அங்கே வேலைக்கு எடுத்துக்கொள்வதாகப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அதை அப்பாவிடம் அப்போது சொல்லவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒபாமா ஜனவரி 20 அன்று பதவியேற்றார். அந்த ஒரு மாதத்தில் மட்டும் அமெரிக்காவில் சுமார் 6 லட்சம் பேர் வேலை இழந்ததாக அப்போது சொன்னார்கள். பிறகு கணக்கைத் திருத்தியபோது அது 7 லட்சத்தைத் தாண்டியது. தனியார் யாரும் செலவு செய்யத் துணியாத நேரத்தில் அரசாங்கம் கடன் வாங்கியாவது செலவழிக்க வேண்டும், அந்தக் கூலி கடைக்குப் போகும், கடைக்காரர் கொள்முதல் செய்வார் என்பது கீன்ஸ் சொன்ன வழி. அப்பாவுக்கு நான் இதைக் கண்மாய் வேலையை வைத்து விளக்கினேன். "வெட்டின கண்மாயில தண்ணி நிக்குமா?" என்றார். குடியரசுக் கட்சியின் கேள்வியும் கிட்டத்தட்ட அதேதான்!

அவர்கள் வாதத்தை வெறும் வீம்பு என்று தள்ள முடியாது. கடன் ஏறிக்கொண்டே போகிறது, பணம் களத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் மந்தநிலையே முடிந்துவிடும், ஜனநாயகக் கட்சி பல வருஷமாக ஆசைப்பட்ட திட்டங்களையெல்லாம் இதில் திணித்துவிட்டார்கள் என்றார்கள். இரண்டாவது வாதத்தில் உண்மை இருந்தது. உடனே மண்வெட்டி போடத் தயார் என்று சொல்லப்பட்ட வேலைகள் அவ்வளவு தயாராக இல்லை என்று 2011இல் ஒபாமாவே சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். ஆனால் புஷ் காலத்தில் போருக்கும் வரிக்குறைப்புக்கும் கடன் வாங்கியபோது இதே ஆட்கள் எங்கே போயிருந்தார்கள்?

ஜனவரி 28 அன்று பிரதிநிதிகள் சபையில் ஓட்டெடுப்பு. முந்தைய நாள்தான் ஒபாமா நேரில் போய்க் குடியரசுக் கட்சியினரிடம் பேசியிருந்தார். ஆதரவு 244, எதிர்ப்பு 188. குடியரசுக் கட்சியிலிருந்து ஓர் ஓட்டுகூட இல்லை. ஜனநாயகக் கட்சியிலேயே 11 பேர் எதிர்த்தார்கள்.

செனட்டில்தான் உண்மையான நாடகம். முட்டுக்கட்டையைத் தாண்ட 60 ஓட்டு வேண்டும். எட்வர்ட் கென்னடி மூளைப் புற்றுநோயோடு படுத்திருந்தார். மின்னசோட்டாவின் ஓர் இடம் தேர்தல் தகராறில் காலியாக இருந்தது. கையில் இருந்தது 57. மீதி மூன்றும் எதிர்முகாமிலிருந்து வரவேண்டும். மெய்ன் மாநிலத்தின் காலின்ஸ், ஸ்னோ, பென்சில்வேனியாவின் ஸ்பெக்டர் ஆகிய மூவரும் தொகையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசி வந்தார்கள். ஸ்பெக்டர் தானே புற்றுநோயிலிருந்து மீண்டவர். மருத்துவ ஆராய்ச்சிக்கு 10 பில்லியன் கேட்டு வாங்கினார். (இந்தப் பேரத்தை மட்டும் என்னால் குறை சொல்ல முடியவில்லை.)

பிப்ரவரி 13 இறுதி ஓட்டு. ஒஹையோவின் ஷெரட் பிரவுனுடைய அம்மா இறந்து, அன்றைக்குத்தான் ஊரில் அஞ்சலி. அவர் அதை முடித்துவிட்டு விமானத்தில் வரும்வரை, ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டெடுப்பைத் திறந்தே வைத்திருந்தார்கள். இரவு வந்து 60ஆவது ஓட்டைப் போட்டுவிட்டு, அம்மாவின் அடக்கத்துக்குத் திரும்பிப் போனார். 60க்கு 38. மொத்தம் 787 பில்லியன், நம்ம கணக்கில் 78,700 கோடி டாலர். 17ஆம் தேதி டென்வரில் ஒபாமா கையெழுத்திட்டார்.

ஆதரித்தவர்கள் பட்டபாடு தனி. ஃபுளோரிடாவின் குடியரசுக் கட்சி ஆளுநர் கிரிஸ்ட், மேடையில் ஒபாமாவைக் கட்டித் தழுவினார். அந்தத் தழுவலின் படத்தைக் காட்டிக் காட்டியே அவரை ஓரங்கட்டினார்கள். 2010இல் கட்சியை விட்டே போனார். ஸ்பெக்டர் ஏப்ரலிலேயே கட்சி மாறி, அடுத்த ஆண்டு அந்தக் கட்சியின் உட்தேர்தலில் தோற்றார். எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் சிலரோ, தங்கள் தொகுதிக்கு நிதி கேட்டு அமைச்சகங்களுக்குச் சத்தமில்லாமல் கடிதம் எழுதினார்கள். பால் ரயன் எழுதியது 2012 தேர்தலில் வெளியே வந்து மானத்தை வாங்கியது. நம்ம பஞ்சாபி வம்சாவளி பாபி ஜிண்டால், டிவியில் தோன்றி, எரிமலையைக் கண்காணிக்க எதற்குப் பணம் என்று கேலி செய்தார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, அலாஸ்காவில் ரிடவுட் எரிமலை வெடித்தது. :)

ஒபாமா தரப்பு தனக்குத் தானே குழி வெட்டியதும் உண்டு. திட்டம் வந்தால் வேலையின்மை 8 சதவீதத்தைத் தாண்டாது என்று அவருடைய பொருளாதாரக் குழு ஜனவரியில் ஒரு வரைபடம் வெளியிட்டது. அக்டோபரில் அது 10ஐத் தொட்டது. பள்ளம் எவ்வளவு ஆழம் என்று அப்போது யாருக்கும் தெரியாது என்பதே உண்மை. 2008 கடைசிக் காலாண்டில் பொருளாதாரம் ஆண்டு விகிதத்தில் 3.8 சதவீதம் சுருங்கியது என்றார்கள். பிறகு திருத்தியபோது 8ஐத் தாண்டியது. மருந்தின் அளவு குறைவு என்று க்ரூக்மன் ஆரம்பத்திலிருந்தே கத்திக்கொண்டிருந்தார். என் கட்சியும் அதுதான். ஆனால் மேடையில் அந்த ஒற்றை வரைபடம்தான் ஜெயித்தது. 2010 நவம்பரில் குடியரசுக் கட்சி சபையில் 63 இடங்களைக் கூடுதலாகப் பிடித்தது.

இன்னொன்று. வரிச்சலுகையைச் சம்பளத்தில் வாரத்துக்குச் சில டாலராகச் சேர்த்துக் கொடுத்தார்கள். அப்போதுதான் செலவழிப்பார்கள் என்பது கணக்கு. பெரும்பாலோர் கவனிக்கவே இல்லை. 2020இல் கொரோனாவுக்கு டிரம்ப் அனுப்பிய காசோலையில் அவர் பெயரையே அச்சடித்திருந்தார்கள். அந்த 2.2 டிரில்லியன் திட்டத்துக்கு செனட்டில் 96க்கு 0. மறு ஆண்டு பைடன் 1.9 டிரில்லியன் கொண்டுவந்தபோது பழையபடி குடியரசுக் கட்சியிலிருந்து ஓர் ஓட்டும் இல்லை.

நிற்க. 2009 சட்டத்தில் இரண்டு முகாமும் ஒத்துப்போன இடம் ஒன்று உண்டு. இடதுசாரி சாண்டர்ஸும் குடியரசுக் கட்சியின் கிராஸ்லியும் சேர்ந்து நுழைத்த பிரிவு அது. அரசின் மீட்பு நிதி வாங்கிய நிறுவனங்கள் எச்1பி விசாவில் புதிதாக ஆள் எடுக்க வேண்டுமானால், முதலில் அமெரிக்கர்களைத் தேடியதாகக் காட்ட வேண்டும், இருப்பவர்களை வெளியேற்றக் கூடாது. இரண்டு வருடத்துக்கு. கிராஸ்லி மொத்தச் சட்டத்தையும் எதிர்த்துத்தான் ஓட்டுப் போட்டார், இந்தப் பிரிவு மட்டும் அவருடையது. ஊரில் லட்சக்கணக்கில் வேலை போகும்போது அவர்கள் அப்படிச் செய்ததைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் கிளையண்டும் மீட்பு நிதி வாங்கியிருந்தது. மார்ச்சில் இரண்டு வரி மெயில் வந்தது. அப்பாவிடம் அன்றைக்குத்தான் முழுக் கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "சாப்ட்டியா?" என்றார்.

2011 பிப்ரவரியில் அந்தப் பிரிவு காலாவதியானது. அதற்குள் நான் புனேயில் வீட்டுக்கடன் வாங்கி நாலு தவணை கட்டியிருந்தேன்.