இராமன் பரிமளா: மேதைமையும் கல்விச் சூழலும்

கணித சாஸ்திரத்தில் ஒரு பெண்மணி உயர்ந்து நின்றால், அவ்வுயர்வைத் தனிமனித மேதைமையின் அற்புதமென்றே போற்றி, அதற்கு ஆதாரமாக நின்ற கல்வி ஸ்தாபனங்களையும் ஆசிரியப் பரம்பரையையும் பேசாது விடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அவ்வழக்கம் பொருந்தாதென்பதற்குக் கணித அறிஞர் இராமன் பரிமளாவின் வாழ்க்கை தக்க சான்றாகும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

அவருக்கு முற்பட்ட கணிதத் துறைப் பெண்கள் இருவரை முதலில் நோக்குவோம். 1935இல் சென்னையிற் பிறந்த பாமா சீனிவாசன், சென்னைப் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்றபின், முனைவர் ஆராய்ச்சியின் பொருட்டு மான்செஸ்டர் சென்றார். நைஜீரியப் பெண்களுள் முதன்முதலாக முனைவர் பட்டம் பெற்று, 1985இல் பெனின் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் அமர்ந்த கிரேஸ் அலெலே-வில்லியம்ஸ், அப்பட்டத்தை 1963இல் சிகாகோவிலேதான் பெற்றார். 1948இற் பிறந்த பரிமளாவோ தாய்நாட்டிலிருந்தே ஆராய்ச்சியாளராக உருவானார். இவ்வேற்றுமைக்குக் காரணம் அறிவின் ஏற்றத்தாழ்வன்று. இடைக்காலத்தில் நம் நாட்டில் எழுந்த ஆராய்ச்சிச் சூழலேயாம்.

சென்னையில் சாரதா வித்யாலயத்திலும் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியிலும் பயின்று, 1970இல் சென்னைப் பல்கலைக்கழக முதுநிலைப் பட்டம் பெற்ற அவர், பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தை அடைந்தபோது, கே. சந்திரசேகரனும் கே. ஜி. இராமநாதனும் பல ஆண்டுகள் உழைத்து வளர்த்த கணிதப் பள்ளி ஆங்கே முதிர்ந்திருந்தது. அப்பள்ளியைச் சார்ந்த ஆர். ஸ்ரீதரனின் வழிகாட்டலில் ஆராய்ந்து, 1976இல் பம்பாய்ப் பல்கலைக்கழக முனைவர் பட்டத்தைப் பெற்றார்.

அவ்வாண்டிலேயே அவர் வெளியிட்ட முடிபு ஊன்றி நோக்கத் தக்கது. ஒரு களத்தின்மீது அமைந்த பல்லுறுப்புக் கோவைகளின் வளையத்தில், புரொஜெக்டிவ் மாட்யூல் எனப்படுபவை யாவும் மிக எளிய அமைப்புடைய ஃப்ரீ மாட்யூல்களேயோ என்று பிரெஞ்சுக் கணித மேதை செர் 1955இல் எழுப்பிய வினாவுக்கு, குவில்லனும் சுஸ்லினும் 1976இல் தனித்தனியே ‘ஆம்’ என நிரூபணம் அளித்தனர். இருபடி வடிவங்கள் பொருந்திய மாட்யூல்களும் அவ்வாறே அடிப்படைக் களத்திலிருந்து விரிந்து வருவனவாகும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. மாறி ஒன்றேயாயின் அது மெய்யுமாகும். ஆயின் மாறிகள் இரண்டாகிய அளவிலேயே அந்த எதிர்பார்ப்பு பொய்க்கும் என்பதைப் பரிமளா, மெய்யெண் களத்தின்மீது நான்காம் தரத்து எடுத்துக்காட்டுகளை ஆக்கிக் காட்டி நிறுவினார். ஒரு பொதுவிதியின் எல்லையைக் காட்டும் எதிர்ச்சான்று, விதியை நிறுவும் நிரூபணத்தினும் சிறுமையுடையதன்று. பின்னர், செர் கூறிய மற்றோர் அனுமானத்தை, கணித அறிஞர் ஈவா பேயர்-ஃப்ளூக்கிகருடன் சேர்ந்து 1995இல் செவ்வியல் குலங்களுக்கு நிறுவியதும் இதே ஆராய்ச்சிப் பாதையின் தொடர்ச்சியே.

மேதைமை தன் வழியைத் தானே கண்டுகொள்ளும் என்றும், ஸ்ரீநிவாச இராமானுஜன் அதற்குச் சாட்சி என்றும் சிலர் வாதிக்கக்கூடும். அந்த இராமானுஜனுக்கும், 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கிய பின்னரே குமாஸ்தா வேலையினின்று விடுதலை கிடைத்தது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். ஆதரவின்றி மேதைமை முற்றும் மலர்ந்ததற்கு அவர் உதாரணமாகார்.

பரிமளாவுக்கு 1987இல் பட்நாகர் விருது கிடைத்தது. 2010இல் ஹைதராபாத்தில் கூடிய அகில உலகக் கணித மாநாட்டில் முழுப்பேரவைச் சொற்பொழிவாற்றும் சிறப்பும் வாய்த்தது. பெண் கணித அறிஞர்களைக் கௌரவிக்கும் நோதர் சொற்பொழிவை 1990இல் பாமா சீனிவாசனும், 2013இல் பரிமளாவும் நிகழ்த்தினர். சென்னையின் வகுப்பறைகளிற் பயின்ற இருவர் அப்பெருமையை எய்தினர் என்றால், அவ்வகுப்பறைகளின் தகுதி ஐயத்துக்கு இடமில்லாதது.

ஆதலின், சென்னையை அடுத்த சென்னீர்குப்பத்திலும் பூந்தமல்லியிலும் ஆவடியிலும் கணிதத்தில் நாட்டமுடைய பெண்மக்களுக்கு இவ்வறிஞர்களின் பெயரை மட்டும் சொல்லி ஊக்குவித்தால் போதாது. நிரூபணத்தை நிதானமாகக் கற்பிக்கும் ஆசிரியரும், நல்ல நூலகமும், ஆராய்ச்சிக் காலத்துக்குரிய பொருளுதவியும் அவர்கள் வாழும் இடத்துக்கு அருகிலேயே கிட்டுமாறு செய்தல் கல்விப் பொறுப்பாளர் அனைவரின் கடமையாகும்.