தண்டவாளமும் தடுப்புச்சுவரும்

மென்பொருள் துறை நண்பர்களிடையே ஓயாத வழக்கொன்று உண்டு. அனைத்தையும் முன்கூட்டியே ஆராய்ந்து, முழுத் திட்டம் வகுத்த பிறகே வேலையில் இறங்க வேண்டும் என்பது ஒரு கட்சி. பயன்தரும் சிறு பகுதியை முதலில் கொடுத்துவிட்டு, பயனர் சொல்வதைக் கேட்டுத் திருத்திக்கொண்டே போகலாம் என்பது, 'அஜைல்' என்ற பெயரில் செல்வாக்குப் பெற்றிருக்கும் மறுகட்சி. இவ்வழக்குக்கு வடசென்னையில் பழைய சாட்சிகள் இரண்டு இருக்கின்றன.

முதலாவது, வியாசர்பாடி வழியே செல்லும் இருப்புப்பாதை. மதராஸ் ரயில்வே கம்பெனியின் இலக்கு மேற்குக் கடற்கரை. ஆயினும் ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுக்கு அருகே வாலாஜா ரோடு வரை, சுமார் 100 கிலோமீட்டர் முடிந்ததுமே, 1856 ஜூலை 1 அன்று ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. பாதை பேப்பூரை எட்டியது 1862இல். அந்த ஆறாண்டுகளும் போட்டவரைக்கும் பாதை பயன் தந்தது.

இரண்டாவது, துறைமுகம். பாதிச் சுவர் அலையைத் தடுக்காது. எனவே இங்கே தவணைமுறை எளிதன்று. இருந்தும் 1861இல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலமொன்று திறக்கப்பட்டது. புயலும் கப்பலும் அதைச் சேதப்படுத்தின. ஆனால் தூண்களினூடே அலையும் மணலும் தம்போக்கில் சென்றன. பின்னர் வந்தது வில்லியம் பார்க்ஸின் பெருந்திட்டம்: கிழக்கு நோக்கிய வாயிலுடன் இரு கல்சுவர்கள். 1875இல் அடிக்கல் நாட்டப்பட்டது. முடியும் தறுவாயில், 1881 நவம்பர் புயல் சுவர்களைக் குலைத்தது. மீண்டும் கட்டினார்கள். 1904இல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காலத்தில் கிழக்கு வாயில் அடைக்கப்பட்டு, வடகிழக்கில் புதுவாயில் திறக்கப்பட்டது.

முன்னாராய்ச்சி இல்லாமலில்லை. தெற்கிலிருந்து வடக்கே மணல் நகர்வது குறித்துக் கட்டுமானத்துக்கு முன்பே விவாதித்தார்கள். ஆனால் துறைமுகம் தூர்ந்துபோகுமா என்பதே அவர்களின் கவலை. சுவர் மறித்த மணலால் தெற்கே மெரினா அகன்றது. மணல் வரத்து நின்ற வடக்கே, ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை, கடல் கரையை அரித்து மீனவர் வீடுகளை விழுங்கியது. கப்பல்களுக்காக வாயிலை மாற்றினார்கள். கரைக்குக் கிடைத்தவை வெகுகாலம் கழித்துக் கொட்டிய கருங்கற்கள்.

ஆகவே, முதலில் ஆராய்வதா, முதலில் கொடுப்பதா என்பது அரைக்கேள்வியே எனத் தோன்றுகிறது. பிசகினால் திருத்திக்கொள்ளக் கூடியதைச் சீக்கிரம் கொடுத்துவிடலாம். திருத்த முடியாததற்கு நீண்ட ஆராய்ச்சி வேண்டும். அந்த ஆராய்ச்சியில், பயன் பெறுவோரோடு இழக்கப்போகிறவர்களும் கணக்கில் வரவேண்டும். பார்க்ஸின் கணக்கில் கப்பல்கள் இருந்தன; குப்பங்கள் இல்லை.