பழைய சாப் 9-5 வாங்கலாமா?

பழைய சாப் 9-5 ஒண்ணு மலிவா கிடைக்குதா? லெதர் சீட்டை அப்புறம் பார்க்கலாம், முதல்ல ஆயில் சம்ப்பைக் கழற்றச் சொல்லுங்க. ஏன்னு புரிய கொஞ்சம் பின்னாடி போகணும்.

சுவீடனில் 1937இல் விமானம் கட்டத் தொடங்கிய கம்பெனி சாப். கார் சந்தையில் சின்ன ஆள். பெரிய எஞ்சினுக்குப் பதிலா, இருந்த 2 லிட்டர் எஞ்சினில் டர்போ பொருத்தி 1977இல் 99 டர்போவைக் காட்டினார்கள். பி.எம்.டபிள்யூ, போர்ஷே டர்போக்கள் முன்பே வந்தவைதான். ஆனால் அவை வேகப்பித்தர்களுக்கு. சாப் அதைக் குடும்பக் காருக்குக் கொண்டுவந்தது. வேஸ்ட்கேட் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தியதால் சாதாரண வேகத்திலேயே இழுவை கிடைத்தது.

1997இல் வந்த 9-5 அந்த வம்சம். சிக்கலும் அங்கேதான். 2003 வரையிலான பெட்ரோல் டர்போ கார்களில் கிராங்க்கேஸ் காற்றோட்டம் சரியில்லை. டர்போ சூடு வேற. எண்ணெயை நாள் தள்ளி மாற்றினால் தார் மாதிரி கட்டிப்படும். சம்ப்புக்குள் எண்ணெய் உறிஞ்சும் குழாயின் வலை அடைபட்டால் பேரிங்கும் டர்போவும் காலி. 2004 மாடலில் காற்றோட்டத்தைத் திருத்தினார்கள்.

அதனால, எண்ணெய் மாற்றின பில் எல்லாம் இருக்கிற 3 லட்சம் கிலோமீட்டர் வண்டியை, பில்லே இல்லாத 1 லட்சத்துக்கு மேலாகவே மதிப்பேன்.

2011 டிசம்பரில் சாப் திவாலானது. உதிரிபாகப் பிரிவு பிழைத்துக்கொண்டது. திடீர்னு வண்டியை நிறுத்திவிடும் இக்னிஷன் கேசட் ஒண்ணு டிக்கியில் உபரியா கிடந்தா, அதையும் சேர்த்துக் கேளுங்க.